செனோரா அம்பாரோ பெயரில் போன மெயில்

அன்பு மகள் நிமியாவுக்கு அம்மா எழுதுவது. காகுபே மாதாவின் கருணையில் நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே மலாகாவில் சளி இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் இந்த மெயிலில் அனுப்பியவர் இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார். ஃபெலிசியானா ரிவாஸ் என்று இருந்தால், ரிப்பேர் கடை வில்ஃப்ரிதோ சொன்னபடி சரிசெய்துவிட்டான் என்று அர்த்தம். செனோரா அம்பாரோ என்று இருந்தால் அவன் சத்தியம் செய்ததெல்லாம் பொய், ஆனாலும் எழுதுகிறவள் நான்தான், உன்னைப் பெற்றவள். அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து படி.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இங்கே வில்யாரிக்காவில் அடித்த இடிமழையில் நம் பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது. பக்கத்து வீட்டு மாமரத்தில் இடி விழுந்தது, நம் வீட்டுக்குள் பட்டென்று ஒரு சத்தம், கருகல் வாடை, அவ்வளவுதான். நான் அழுததைப் பார்த்து உன் அப்பா, "மெஷின்தானே செத்துப்போச்சு, மக நல்லாத்தானே இருக்கா, எதுக்கு இப்படி ஒப்பாரி வைக்கிறே" என்று கேட்டார். அவருக்கு என்ன தெரியும். நீ ஸ்பெயினுக்குப் போன நாளிலிருந்து எழுதின அத்தனை கடிதமும் அதற்குள்தான் இருந்தது, வேறு எங்கேயும் நகல் கிடையாது. விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைப் பயந்துகொண்டு தொடாமல் இருந்தேன் என்று எழுதினாயே, அது. மரவள்ளிக்கிழங்குக்காக ஊரெல்லாம் அலைந்து ஒரு ஆப்பிரிக்கக் கடையில் கண்டுபிடித்ததைப் பற்றி எழுதினது. எல்லாம் போய்விட்டது என்றால் எட்டு வருஷம் எனக்கு மகள் இருந்தாள் என்பதற்கு என்ன சாட்சி?

அங்கிருந்து ஊருக்கு வந்த லிச்சாவின் மகளிடம் நீ கொடுத்தனுப்பிய லேப்டாப் அலமாரியில்தான் இருந்தது. ஏன் இன்னும் திறக்கவில்லை என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், பழசே நன்றாக ஓடுகிறது, இது புதுசாகவே இருக்கட்டும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது உள்ளதைச் சொல்கிறேன். அது நீ வேலை பார்க்கும் வீட்டு செனோரா அம்பாரோவின் லேப்டாப். அவருக்கு ஞாபகமெல்லாம் போய்விட்டது, இனி இது அவருக்கு எதற்கு, எடுத்துக்கொள்ளும்படி அவர் மகனே சொன்னார் என்று நீ எழுதியபோது எனக்கு வயிறு எரிந்தது. என் மகளைத் தன்னோடு வைத்துக்கொண்டு, தனக்கு வேண்டாததை எனக்கு அனுப்புகிறாரா என்று தோன்றியது. சிரிக்காதே. நீ அவரைக் குளிப்பாட்டித் தலைவாரி விடுகிறாய், இங்கே என் முதுகில் எண்ணெய் தேய்க்க உன் அப்பாவைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் உனக்குச் சம்பளம், அந்தப் பணத்தில்தான் இந்தக் கூரை மாற்றினோம், எல்லாம் தெரியும். தெரிந்தால் மட்டும் எரியாமல் இருக்குமா.

வேறு வழியில்லாமல் வில்ஃப்ரிதோவைக் கூப்பிட்டோம், உன் வகுப்பில் படித்தவன், பஸ் நிலையத்துக்கு எதிரே ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன், வாய் மட்டும் இன்னும் அப்படியே. வேலை தொடங்குவதற்கு முன் ஐஸ் தண்ணீரில் இலை ஊறவைத்து ஒரு சுற்று தெரெரே, நடுவில் ஒரு சுற்று, ஐஸ் உடைத்து உடைத்து உன் அப்பாவுக்குத்தான் கை ஓய்ந்துபோனது. பழைய பெட்டியைப் பிரித்து ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ஒரு வயரால் லேப்டாப்போடு மாட்டினான். "இடி மூளையைத் தொடலை ஃபெலியம்மா, கை காலோட விட்டுடுச்சு, உங்க பொண்ணு எழுதினது ஒண்ணுகூட விடாம வந்துடும்" என்றான். வந்தது மகளே. ஒவ்வொன்றாகத் திரையில் வந்து விழ விழ நான் அவன் தலையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டேன்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை. அந்த லேப்டாப்பில் உன் செனோராவின் மெயிலும் அவருக்குத் தெரிந்தவர்களின் முகவரிகளும் அப்படியே இருந்தன. அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு என்னுடையதை ஏற்றியிருக்க வேண்டும். இவன் அதன் மேலேயே என்னுடையதையும் கொட்டிவிட்டான். கோழிக்குஞ்சு விற்கிற நிகாசியோவுக்கு அடுத்தாற்போல் மலாகாவில் இருக்கும் ஒரு நோட்டரி, நம் மாதா சபைப் பெண்களுக்கு நடுவில் அவருடைய பல் டாக்டர். உன் பெயர் மட்டும் இரண்டு இடத்தில் வந்தது. "ரெண்டும் ஒரே ஆளுதான், சேத்துடறேன்" என்று சொல்லி, நான் ம் என்பதற்குள் சேர்த்துவிட்டான். எது நின்றது தெரியுமா? நான் வைத்திருந்த 'மகள் நிமியா' போய்விட்டது. அவர் வைத்திருந்த 'என் நிமி' நின்றது. கூடவே ஒரு படம். முடியைக் காதுவரை வெட்டிக்கொண்டு, யார் தோளிலோ சாய்ந்து சிரிக்கிறாய். முடி வெட்டினதை நீ என்னிடம் சொல்லவே இல்லை. உன் அப்பா, "அழகாத்தான் இருக்கா" என்றார். அழகாகத்தான் இருக்கிறாய், யார் இல்லை என்றது. நிமி என்று நான்கூட உன்னைக் கூப்பிட்டதில்லை.

பிறகு வில்ஃப்ரிதோ, "ஒரு மெயில் விட்டுப் பாக்கலாம், போகுதா வருதான்னு தெரியணும், சின்னதா ஏதாச்சும் சொல்லுங்க" என்றான். வாயில் வந்ததைச் சொன்னேன். சாப்பிட்டாயா, எப்போது வருவாய். அவனே தட்டி அனுப்பினான். பெயர் போடவில்லையே என்றதற்கு மெஷினே போட்டுக்கொள்ளும் என்றான். போட்டுக்கொண்டது, உன் செனோராவின் பெயரை. அனுப்புகிறவர் இடத்தில் அவர் முகவரியே நின்றிருந்ததை அந்தக் கெட்டிக்காரன் பார்க்கவில்லை, எனக்கு எங்கே தெரியும்.

தெரெரே நிரப்பி அவன் கையில் கொடுப்பதற்குள் உன் பதில் வந்துவிட்டது. என் மெயிலுக்கு நீ பதில் எழுத ஞாயிற்றுக்கிழமை ஆகிவிடும், வேலை அப்படி, நான் குறை சொன்னதில்லை. அதனால் சந்தோஷம் தாங்காமல் உன் அப்பாவைக் கத்திக் கூப்பிட்டேன். வில்ஃப்ரிதோ உரக்க வாசித்தான். செனோரா, நீங்களா, நிஜமாகவே நீங்களா எழுதினீர்கள், நான் மருந்துக்கடையில் இருக்கிறேன், இதோ ஓடி வருகிறேன், நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள், என் செல்லமே, ஓடி வருகிறேன். வாசிக்க வாசிக்க அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. அவர் மகன் வாங்கிக்கொடுத்த டேப்லெட் எப்போதும் அவர் மடியில் கிடக்கும், பூனையைத் தடவுவதுபோல் தடவிக்கொண்டிருப்பார் என்று நீ முன்பு சொல்லியிருந்தாய். அதில் அவரே எழுதிவிட்டார், ஞாபகம் திரும்பிவிட்டது என்று நினைத்துவிட்டாய்.

அந்த நிமிஷம் எனக்கு உன்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பொறாமைதான் வந்தது. என்னை என்றைக்காவது செல்லமே என்று எழுதியிருக்கிறாயா என்று பார்க்க உட்கார்ந்தேன். மேலே ஒரு கட்டம் இருக்கிறது, வார்த்தையைப் போட்டால் அதுவே தேடிக்கொடுக்கும். செல்லம் என்று போட்டேன். நீ போன தடவை இங்கே விடுமுறைக்கு வந்திருந்தபோது அவருக்கு எழுதினதெல்லாம் வரிசையாக வந்தது, என் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு தினமும் எழுதியிருக்கிறாய், மாத்திரை போட்டீர்களா செல்லம், தூங்கினீர்களா செல்லம் என்று. என் பக்கத்தில் ஒன்றே ஒன்று வந்தது. நாய் எப்படி இருக்கிறான், என் செல்லம், என்று கேட்டிருந்தாய்.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கோபத்தில் சொல்லவில்லை, மறுநாள் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் மறுநாள் இன்னொரு மெயில் வந்தது. நேரில் கேட்டால் என் முகத்தைத்தான் பார்க்கிறீர்கள், எழுத்தில்தான் என்னோடு பேசுகிறீர்கள், அதனால் அடுப்பங்கரையிலிருந்து எழுதுகிறேன், இன்னும் ஒரு வார்த்தை எழுதுங்கள் என்று அவருக்குக் கெஞ்சியிருந்தாய். அதையும் நான்தான் படித்தேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். "அம்மா, டிசம்பர்ல வர முடியாதும்மா, டிக்கெட்டைத் தள்ளி வச்சுட்டேன், கோவிச்சுக்காதே, இங்க ஒரு நல்லது நடந்திருக்கு, இப்ப விட்டுட்டு வந்தா அவங்க மறுபடி போயிடுவாங்க" என்றாய். உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எத்தனையோ நாளாகக் கேட்டதில்லை. சரிம்மா என்று சொல்லி அப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

உன் அப்பா பின்னாலேயே வந்தார். "சொல்லித் தொலைச்சுடு ஃபெலி. இல்லேன்னா அந்தம்மா பேர்லயே 'உங்கம்மாகிட்ட போ'ன்னு ஒரு வரி போட்டு விடு, உம் மக பறந்து வந்துடுவா" என்று சிரித்தார். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார், எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. மறுநாள் அவர் கரும்புக்காட்டுக்குப் போனதும் லேப்டாப்பைத் திறந்து ஒற்றை விரலால் தட்டினேன். நிமி, டிசம்பரில் உன் அம்மாவிடம் போ, எனக்கு ஒன்றும் இல்லை, அவள் காத்திருக்கிறாள். இவ்வளவுதான். படித்துப் பார்த்தேன், அவரே எழுதினது போலத்தான் இருந்தது. அனுப்பினால் நீ வந்துவிடுவாய் என்று எனக்குத் துளிகூடச் சந்தேகமில்லை. கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பக்கத்தில் பாளைப் பூ மணக்க, நீயும் நானும் மாவு பிசைய, எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி என்னைக் கட்டிக்கொண்டு நீ முதலில் என்ன சொல்லுவாய்? செனோராதான் போகச் சொன்னார் என்பாய். என் வீட்டில், என் குடிலுக்கு முன்னால், அந்த அம்மாளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கும். அவர் அனுப்பி என் மகள் என்னிடம் வருவதா? எழுதினதை அழித்துவிட்டேன். அம்மாவுக்கு நல்ல மனசு என்று நினைத்துக்கொள்ளாதே, அதுவும் பொறாமைதான்.

ஆகவே சொல்கிறேன் நிமியா. உன் செனோரா எழுதவில்லை. அவர் திரும்பி வரவில்லை அம்மாடி. அந்த மெயில் இந்த வீட்டிலிருந்து, நான் சொல்லி வில்ஃப்ரிதோ தட்டியது. இதைப் படிக்கிறபோது உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில் இல்லாமல் போனேனே என்று இருக்கிறது. அவர்மேல் எனக்கு எவ்வளவு எரிச்சல் இருந்தாலும், நீ ஓடி வந்து கதவைத் திறந்தபோது அவர் உன்னை யாரோ மாதிரிப் பார்த்திருப்பார் என்று நினைத்தால் எனக்கும் அழுகை வருகிறது. டேப்லெட்டை அவர் மடியிலிருந்து எடுத்துவிடாதே, அதற்கு ஒரு குற்றமும் இல்லை. அவருடைய கடிதங்களையும் முகவரிகளையும் வில்ஃப்ரிதோ ஒரு சின்ன பென் டிரைவில் தனியாக ஏற்றிக் கொடுத்திருக்கிறான், லிச்சாவின் மகள் திரும்பும்போது கொடுத்தனுப்புகிறேன், நீ அவருக்குப் படித்துக் காட்டு, உன்னைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறார். அவருக்கு வருகிற மெயில் இனி இங்கே வராது, நான் படிக்கவும் மாட்டேன். டிக்கெட் விஷயத்தில் உன் இஷ்டம், அவரை விட்டு வர மனசில்லை என்றால் இரு, நான் அதற்காகச் செத்துப்போக மாட்டேன்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு ஆறவே இல்லை. சாப்பிட்டாயா, எப்போது வருவாய் என்று இந்த உலகத்தில் உன்னை யார் கேட்பார்கள்? எட்டு வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான்தானே கேட்கிறேன். மேலே வேறு பெயர் இருந்தது என்பதற்காக உன் அம்மாவின் கேள்வி உனக்கு அடையாளம் தெரியாமல் போய்விட்டதா? அல்லது அவரும் ஞாபகம் இருந்த காலத்தில் உன்னை இப்படித்தான் கேட்பாரா? அப்படியென்றால் அதை என்னிடம் சொல்லாதே.

மாதா உன்னைத் தன் நீல மேலங்கிக்குள் வைத்துக் காக்கட்டும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், முழங்கால் வலிக்கு நீ அனுப்பின தைலம் தீர்ந்துவிட்டது என்பதையும் சொல்லச் சொன்னார். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு ஏதாவது சாப்பிடு, வெறும் வயிற்றோடு படுக்காதே. அன்றைக்கு நான் கேட்டதற்கு அவருக்குத்தான் பதில் வந்தது, எனக்கு இன்னும் வரவில்லை.

உன் அம்மா
ஃபெலிசியானா