கிண்ணென்று வந்த பைகள்

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நேற்று ஃபோனில் உன் குரலைக் கேட்டே தெரிந்துகொண்டேன். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார், பின்பக்கத் தொட்டியில் தங்கமீன் குஞ்சுகள் நிறம் மாறத் தொடங்கிவிட்டன. எல்லோரும் தூங்கிய பிறகு தொட்டி விளக்கின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா இருமினால்கூடப் பேப்பரை ஒளித்துக்கொள்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

போன தடவை நீ வேலை பார்க்கும் கடைக்கு அனுப்பிய மீன்களில் பாதி செத்துப்போனதற்கு நான் பைகளைக் கட்டிய முடிச்சுதான் காரணம் என்று அப்பா உன் முதலாளிக்குக் கடிதம் எழுதச் சொன்னார். அவருக்கு எழுத்து சரியாக வராது என்பதால் அதையும் நானே எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல, என் சின்ன மகள் ரப்பர் பேண்டை ஒழுங்காகச் சுற்றவில்லை, பையில் அடைத்த ஆக்சிஜன் கசிந்துவிட்டது என்று என் கையாலேயே எழுதினேன். அம்மா அரிசி கழுவிக்கொண்டே, "அப்பா சொல்றத எழுதிடு கண்ணு, அங்கேருந்து வந்து உன்ன யாரு அடிக்கப்போறாங்க" என்றாள்.

நடந்தது உனக்குத் தெரியவேண்டும். பாதிப் பைகள் நிரப்பும்போதே ஆக்சிஜன் சிலிண்டர் காலியாகிவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அப்பா தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டாரின் குழாயை எடுத்து மீதிப் பைகளுக்குள் விட்டார். "பை உப்பினா சரி, உள்ள என்ன காத்துன்னு மீனு வந்து சாட்சி சொல்லப்போகுதா" என்று சிரித்தார். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன், அது வழியிலேயே தீர்ந்துபோகும் என்றேன். "தண்ணியிலயே ஆக்சிஜன் இருக்குன்னு உன் புத்தகத்துல போடலயா" என்று மடக்கினார். இருக்கிறது அண்ணா, ஆனால் அது தண்ணீராகவே பிணைந்து கிடப்பது, மீனால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. மேலேயுள்ள காற்றிலிருந்து தண்ணீரில் கரைகிற கொஞ்சத்தைத்தான் செவுள் எடுத்துக்கொள்ளும். தொட்டியில் மோட்டார் ஓயாமல் புதுக்காற்றை ஊதுகிறது. கட்டிய பைக்குள் யார் ஊதுவார்கள். இதைச் சொல்லி முடிப்பதற்குள், "வாயாடி, கட்டுடி" என்றார். கட்டினேன்.

அப்பா என் மேல் பழி போட்டது பயத்தில். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நேற்று ஃபோன் ஸ்பீக்கரில் பைகள் எப்படி வந்தன என்று அவர் கேட்டதும், "எல்லாம் கிண்ணுன்னு இருந்துச்சுப்பா, பிரிக்கவே கஷ்டமாயிடுச்சு" என்று நீதான் சொன்னாய். அப்பா தொண்டையைக் கனைத்தார். உடனே நீ பேச்சை மாற்றி, "ஆமாப்பா, சுண்டு கட்டினதுதான் சரியில்ல, முதலாளிகிட்டயும் அப்படியே சொல்லிடறேன்" என்றாய். கசிந்த பை எப்படி அண்ணா உப்பிக் கிண்ணென்று வரும்? பையின் கழுத்தை முறுக்கி, மடித்து, பேண்டை இறுக்கிச் சுற்ற எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். அப்பா செய்தது முதலாளிக்குத் தெரிந்தால் உன் வேலை போய்விடும் என்ற பயம் எனக்கும் இருக்கிறது. அதற்காக என் பெயர் வேண்டுமென்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். நீ கேட்காமல் எடுத்துக்கொண்டாய்.

இப்போது அந்தப் பொய்யை அப்பாவே நம்பத் தொடங்கிவிட்டார். சிலிண்டர் இன்னும் காலியாகவே கிடக்கிறது. சின்னவள் கைவைக்காவிட்டால் சாதாரணக் காற்றே போதும் என்று நாளை எல்லாப் பைகளையும் அவரே நிரப்பிக் கட்டப்போகிறார். இந்தக் கடிதத்தைப் பைகளை அடுக்கும் பெட்டியின் மூடிக்கு அடியில் சொருகுகிறேன். பெட்டி வந்ததும் தாமதிக்காமல் மீன்களை மோட்டார் ஓடும் தொட்டிக்கு மாற்று, பிழைப்பவை பிழைக்கட்டும். முதலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பைகளைப் பிரி. பிரிக்குமுன் அவரே அழுத்திப் பார்க்கட்டும், கசிவு இல்லை என்று தெரியும். இந்தத் தடவை ஒரு முடிச்சுகூட என்னுடையதில்லை. அவர் கேட்கும்போது யார் பெயரைச் சொல்வாய் என்று எனக்குத் தெரியவேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு தூங்காதே. அம்மாவின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. என் அன்பை எழுத இன்றைக்குக் கை வரவில்லை. பதிலை அப்பா ஃபோனில் சொல்லாதே, என் பள்ளிக்கூட முகவரிக்கு எழுது.

இப்படிக்கு,
முடிச்சைச் சரியாகக் கட்டிய உன் தங்கை
சுண்டு