பெலிக்ஸ் அண்ணாச்சியின் புதிய துறை

நாள் 112, காலை 08:10
நிலாவின் தென்முனைப் பள்ளத்துக்குள் இருக்கும் நிலையம். எழுதுவது இசக்கியம்மாள், வானொலி வானியல், பத்தொன்பது வருட அனுபவம். நட்சத்திரங்களைக் கேட்கும் ஆன்டெனாவின் மோட்டார் எரிந்துபோனது. மாற்று மோட்டார் அடுத்த கப்பலில்தான் வரும். அதுவரை பாசி ஆய்வுக்கு மாறும்படி பூமியிலிருந்து உத்தரவு. நிலையத்தில் என்னைத் தவிர இருப்பவர் பெலிக்ஸ் அண்ணாச்சி, தூத்துக்குடிக்காரர். பள்ளத்துப் பனிக்கட்டியை உருக்கிய தண்ணீரில் அவர் வளர்க்கும் பாசிதான் எங்கள் இருவருக்கும் மூச்சு. நாற்பத்தாறு வயதில் எனக்கு மறுபடி ஒன்றாம் வகுப்பு.

நாள் 119, காலை 10:40
ஆறு தொட்டிகளின் ஆக்சிஜன் அளவை வரைபடமாகப் போட்டேன். நட்சத்திரத் துடிப்பைத் தேடிப் பழகிய கண். இருபத்தொன்பது மணி நேரத்துக்கு ஒருமுறை அளவு சரிகிறது. ஒவ்வொரு முறையும் முன்னைவிட ஆழமாக. தொட்டி அறையிலிருந்த அண்ணாச்சிக்கு இன்டர்காமில் சொன்னேன்.
"பாசிக்கும் மேலுக்கு முடியாம வரும், இசக்கி. ஒன் நச்சத்திரக் கணக்க இங்க போடாத."
சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாள் 123, மாலை 15:20
தொட்டி அறையிலிருந்து வரும் காற்றுக் குழாயின் வடிகட்டியைக் கழற்றினேன். பழுப்பு நிறப் படலம். அது தொட்ட இடத்திலெல்லாம் வடிகட்டியில் ஒட்டியிருந்த பச்சைப் பாசி வெளுத்துச் செத்திருந்தது. குழாயை என் பக்கம் அடைத்துவிட்டு சிலிண்டருக்கு மாறினேன். இன்டர்காமில் கேட்டேன். அண்ணாச்சி சொன்னார்:
"பனிக்கட்டியிலருந்து வந்தது. உசுரு, இசக்கி. இந்த நிலாவோட உசுரு. பாசியத் தின்னு வளருது. நாப்பது நாளா அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். நீ மட்டுந்தான் துறை மாறணுமா?"
"ஏன் அண்ணாச்சி சொல்லல?"
"சொன்னா அதக் கொன்னுருப்பாவ."
கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டார்.

நாள் 125, காலை 09:05
சிலிண்டர் பதினேழு நாளுக்கு வரும். கப்பல் பன்னிரண்டு நாளில் வந்துவிடும். நான் பிழைத்துக்கொள்வேன். தொட்டி அறையில் ஆக்சிஜன் ஐந்து சதவீதம்தான். தட்டித் தட்டிக் கை வீங்கிவிட்டது. கடப்பாரைக்கும் கதவு அசையவில்லை.

நாள் 127, காலை 11:30
தொட்டி அறை ஆக்சிஜன்: பூஜ்யம். நேற்றிலிருந்தே. மூன்று கருவிகளில் பார்த்துவிட்டேன். அழுதேன். அவர் மனைவி ஜெசிந்தாவுக்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது இன்டர்காம் இரைந்தது.
"வா, இசக்கி. உள்ள நல்லாத்தான் இருக்கு."
அவர் குரலேதான். ஆனால் பேச்சின் இடையில் மூச்சு விடும் சத்தம் இல்லை.

நாள் 127, மதியம் 13:15
அது கப்பலில் ஏறிவிடக் கூடாது. கப்பலைத் திருப்பச் சொல்லிப் பூமிக்குத் தகவல் அனுப்பினேன். வந்த பதில்:
"மேடம், பெலிக்ஸ் சார் இப்பதான் லைன்ல வந்தார். தனியா இருந்து நீங்க ரொம்பப் பயந்துட்டதா சொன்னார். கப்பல் கண்டிப்பா வரும். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

நாள் 127, மதியம் 14:50
இறங்குதள வழிகாட்டியின் கேபிளை அறுத்துவிட்டேன். அது இல்லாமல் இந்தப் பள்ளத்துக்குள் எந்தக் கப்பலும் இறங்க முடியாது. எனக்கு மிச்சம் பதினைந்து நாள். தெரிந்தேதான் அறுத்தேன்.

15:05
தொட்டி அறைப் பூட்டு திறக்கிறது.
இதைக் கையில் எடுத்தவர்களுக்கு. நீங்கள் இறங்கியிருக்கிறீர்கள் என்றால் கேபிளை யாரோ ஒட்டியிருக்கிறார்கள். தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள். எங்கள் இருவரில் யார் வந்து பேசினாலும், மூச்சு விடுகிறோமா என்று முதலில்