ஏழு இருபதும் என் பொய்யும்

என்னைக் கொஞ்சினதைவிட வயர்க் கட்டைத் தடவின நேரமே கூடுன என் மாமாவுக்கு,

நம்ம சிம்மக்கல் வயர்க் கடையில, உங்க ஸ்டூல்ல உக்காந்துதான் எழுதுறேன். நீங்க கண்ணை மூடுன மறுமாசமே ஷட்டரைத் தூக்கிட்டேன். நல்லாத்தான் இருக்கேன். ஆனா உங்ககிட்ட ஒண்ணு ஒத்துக்கணும்.

முதல் வாரமே சொதப்பிட்டேன். எலக்ட்ரீஷியன் முத்து 'மூணு இருபது' கேட்டாரு. மூணு கம்பி சேர்த்து முறுக்குனதுன்னு புரிஞ்சது. இருபதுங்கிறது கம்பியோட கேஜ், அந்த நம்பர் கூடுனா கம்பி மெலிசாகும்னு நான் எங்க கண்டேன்? அவசரத்துல இருபது கண்ணுல படல, இருபத்திரண்டு இன்னும் தடிமனா இருக்கும்னு அதைத் தூக்கிக் குடுத்தேன். முத்து சிரிச்சிட்டாரு. எனக்கு மானம் போச்சு. "அவுகதான் ராக்கை மாத்தி அடுக்கிட்டுப் போயிட்டாக"ன்னு பழியை உங்க தலையில போட்டேன்.

அப்புறம் அதுவே பழக்கமாயிருச்சு. யாரு மூஞ்சியச் சுளிச்சாலும், "அவுக அப்பவே சொல்லுவாக"ன்னுருவேன். நீங்க எங்க சொன்னீங்க? கடைப் பேச்சை வீட்டு வாசப்படி தாண்ட விட்டிருக்கீங்களா? துண்டு வயரை உரிச்சு, கம்பியை எண்ணி, பழைய நம்பருக்கு இப்ப எத்தனை ஸ்கொயர் எம்எம்னு கேட்டுக் கேட்டு, நானாத்தான் படிச்சேன். பேரு மட்டும் உங்களுக்கு.

போன வாரம் முத்து, வில்லாபுரத்துல ஒரு வீட்டு ஏசிக்குன்னு மூணு இருபத்திரண்டு கேட்டாரு.

"ஏசி இழுக்கிற கரண்டுக்கு அது தாங்காதுங்க. சூடேறி மேல்தோலு உருகிரும். ஏழு இருபது கொண்டு போங்க."

"அண்ணே இருந்தா கேட்டதைக் குடுத்திருப்பாரு மதினி. இது அவரு சொன்னதா?"

பழைய பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. எத்தனை நாளைக்கு?

"அவுக சொல்லல. நான் சொல்றேன். அந்த வீட்டுல ஆளுக படுத்துத் தூங்கணும்ல. தர மாட்டேன்."

வெறுங்கையோட போயிட்டாரு. இருக்கிறதுலயே பெரிய வாடிக்கை அவருதான். கடையே கையவிட்டுப் போச்சுன்னு அன்னைக்குச் சோறு இறங்கல எனக்கு.

மறுநாள் காலையில வந்து நின்னாரு. "ஏழு இருபது ஒரு கட்டு குடுங்க மதினி. விளாங்குடியில ஒரு புது வீடு இருக்கு, அதுக்கு எது எது போடலாம்னு நீங்களே சொல்லிருங்க." எனக்கு வாயெல்லாம் பல்லு. உக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்தேன்.

இனிமே உங்க பேரைச் சொல்லித் தப்பிக்க மாட்டேன் மாமா. தப்பாக் குடுத்தாலும் அது என் தப்பு. நாளைக்கு முத்து வரட்டும், முதல் வேலையா அவருகிட்டச் சொல்லிருவேன், அந்த ராக்கை நீங்க ஒழுங்காத்தான் அடுக்கி வச்சிருந்தீங்கன்னு.

உங்க பொண்டாட்டி,
கடைக்காரி செல்வி