பனிக்கட்டியில் வைத்த செல்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் ஸ்வெட்டர் என் ஆய்வக நாற்காலியிலேயே கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

நேற்று மைக்ரோஸ்கோப்பில் நீ பார்த்த பச்சைப் புள்ளிகள் ஒரு புரதம். செல்லின் மேல்பரப்பில் இருக்கும் சர்க்கரையை அது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பனிக்கட்டியில் வைத்த செல்லில் அது வெளியே ஒட்டிக்கொண்டு நின்றது. வெதுவெதுப்பில் வைத்த செல்லோ தன் தோலையே மடித்து அதை உள்ளே இழுத்துக்கொண்டது. அதைப் பார்த்ததும், "அம்மா, உள்ள போயிருச்சு! இங்க வந்து பாருங்க!" என்று கத்தினாய். இத்தனை வருஷம் சித்தி என்றே கூப்பிட்ட வாய்.

பக்கத்து மேஜைக்காரர் திரும்பி, "உங்க பொண்ணா மேடம்?" என்றார்.

"இல்ல, என் வீட்டுக்காரரோட பொண்ணு" என்றேன்.

என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ! நீ மறுபடியும் மைக்ரோஸ்கோப்பில் குனிந்துகொண்டாய். கொஞ்ச நேரம் கழித்து, "ஐஸ்லயே வச்சிருந்தா என்ன ஆகும், சித்தி?" என்று கேட்டாய்.

"ஒட்டிக்கிட்டே இருக்கும், உள்ள போகாது" என்று வாத்தியார் மாதிரி பதில் சொன்னேன். ஸ்வெட்டரைக்கூட எடுக்காமல் விடுதிக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

இன்று காலை அந்தப் பக்கத்து மேஜைக்காரரிடம் போய், "நேத்து வந்தது என் பொண்ணுதாங்க" என்றேன்.

"தெரியுமே. அம்மான்னு கூப்பிட்டாளே" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

ஸ்வெட்டரைத் தபாலில் அனுப்பப் போவதில்லை. நீயே வந்து எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
இனி நீ எப்படிக் கூப்பிடுகிறாயோ, அவள்.