குறுக்குச் சாலைக்கு இருபது விநாடி

வெள்ளிக்கிழமை, ஐப்பசி, 1966

படுத்தும் தூக்கம் வரவில்லை. மில் முனையில் வைத்த புது சிக்னல் விளக்குக்கு நேரம் குறித்தவன் நான்தான். பஸ், லாரி, சைக்கிள் எல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் குறுக்குச் சாலைக்கு இருபது விநாடி பச்சை கொடுத்தேன். இன்று மாலை பஞ்சுப் பொதி ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று பாதி தாண்டுவதற்குள் சிவப்பு விழுந்துவிட்டது. மெயின் ரோட்டில் கிளம்பிய லாரி மோதி ஒரு மாட்டின் கால் முறிந்தது. முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் வண்டியிடம் ஓடினேன். வண்டிக்காரர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "பச்சையிலதானுங்க வந்தேன். என்ற மேல தப்புங்களா?" என்று கேட்டார். நேரம் குறித்தவன் நான் என்று சொல்ல வாய் வரவில்லை. "இல்லீங்க" என்று மட்டும் சொன்னேன்.

பெரிய எஞ்சினியரிடம் நேரத்தைக் கூட்டலாமா என்று கேட்டேன். "ஒரு வண்டிக்காக மெயின் ரோட்டையே நிறுத்தறதுங்களா? திங்கக்கெழம பாக்கலாம், போங்க" என்றார். திரும்பும் வழியில் சிக்னல் பெட்டியைத் திறந்து முப்பத்தைந்து விநாடியாக மாற்றிவிட்டேன். சாவி என்னிடம் மட்டுமே இருக்கிறது. யார் செய்தது என்று காலையிலேயே தெரிந்துவிடும்.

அது போகட்டும். போலீஸ்காரர் வண்டிக்காரரின் பெயரை எழுதிக்கொண்டு போயிருக்கிறார். தவறு என் கணக்கில்தான் என்று நாளை ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.