தொட்டிக்கு மண் வாங்கிய கதை

அன்புள்ள வாயாடிக்கு,

போனில் நீ "ம்" என்ற ஒரே எழுத்தில் பேச்சை முடித்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். நான் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உன் அக்கா உன்னை நேரத்துக்குச் சாப்பிட வைக்கிறாராம். அதில் பாதி நிம்மதி.

மீன் தொட்டியில் இருக்கும் பிளாஸ்டிக் செடிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு உயிருள்ள செடி வைக்கச் சொல்லி நச்சரிப்பாயே, அதில் இறங்கிவிட்டேன். செடியைவிட அடியில் போடும் மண்ணைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாடு. நம்மிடம் இருந்த வண்ணக் கூழாங்கல்லில் சத்தே கிடையாதாம். மணலும் அப்படித்தான், போகப் போக இறுகி வேரை மூச்சுவிட விடாதாம். கடைசியில், செடிக்கென்றே விற்கும் சத்து மண் வாங்கினேன். கறுப்பாக, மிளகு மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கும்.

எதையும் கழுவாமல் பயன்படுத்த விடமாட்டாயே நீ! அந்த நினைப்பில் மொத்தத்தையும் வாளியில் கொட்டித் தேய்த்துத் தேய்த்து அலசினேன். தண்ணீர் தெளியவே இல்லை. உருண்டையெல்லாம் கரைந்து சேறாகிவிட்டது. கடைக்காரரிடம் போய்ச் சொன்னால், "இது என்ன அரிசியா சார், களையறதுக்கு? அப்படியே கொட்டணும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். குளியலறையில் தண்ணீர் போகும் வழி இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது பையைக் கழுவாமல் போட்டுச் செடிகளை நட்டுவிட்டேன். மீன்களை எப்போது விடலாம் என்று அவரிடமே கேட்டேன். "புது மண்ணு சார். செடி வேர் பிடிக்கணும், தண்ணி பழகணும். அவசரப்பட்டா மீன் தாங்காது" என்றார். உன் மீன்கள் அதுவரை பிளாஸ்டிக் டப்பில்தான்.

அன்று மாலையே என் அம்மாவிடம் பேசினேன். நம் குழந்தை வயிற்றிலேயே போன துக்கம் ஆறுவதற்குள், அடுத்தது சீக்கிரம் தங்கிவிட்டால் எல்லாம் மறந்துவிடும் என்று உன் காதுபடச் சொல்லிக்கொண்டிருந்தாரே, அந்தப் பேச்சை இனி யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்து அழுதார். பாவம், அவருக்கும் தாங்கவில்லை.

உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வா. வந்து பேச வேண்டும், சிரிக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. அழ வேண்டுமென்றால் அக்காவுக்குத் தெரியாமல் தலையணையில் முகம் புதைத்து அழாதே. இங்கே வந்து அழு. எனக்கும் தனியாக அழுகை வரமாட்டேன் என்கிறது.

வழி பார்த்திருக்கும்,
உன்னவன்