அறுபத்தேழிலிருந்து ஐந்துக்கு

டபுள் ஸ்பிரிங்ஸ்,
வின்ஸ்டன் கவுண்டி, அலபாமா.
செப்டம்பர் 14, ஞாயிறு

அன்புள்ள லேனிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், பூனை சுகம், பின்பக்கக் கூரை மட்டும் மழைக்கு ஒழுகுகிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, கல்லூரிக்கு நேரத்தில் போய், காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருப்பாய் என்றே நம்புகிறேன், அப்படி இல்லையென்றால் மறைக்காமல் எழுது. உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் சண்டை வருகிறது, இனிமேல் எழுதிக்கொள்வோம் என்று நீதான் சொன்னாய், சரி என்றவளும் நான்தான், ஆனால் பேனாவை எடுத்தால் அதே சண்டை பேனாவிலும் வருகிறது. இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது, இதைக் கிழிக்க மாட்டேன்.

நீ கேட்டது ஒரே ஒரு கையெழுத்து. நீலக் காரின் பத்திரத்தில் உன் பெயரோடு என் பெயரும் இருக்கிறது, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் நீ அங்கே பால்ட்வின் கவுண்டியில் காரைப் பதிந்து புது நம்பர் பிளேட் வாங்க முடியும், செப்டம்பர் தாண்டினால் அபராதம். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தத் தாளைச் சோள மாவு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுத் தினமும் அதன் மேல் சமைத்துக்கொண்டிருந்தேன். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு தகரத் தட்டு. நமக்கு அப்படியா? நம் மாநிலத்தில் மொத்தம் அறுபத்தேழு கவுண்டி, பிளேட்டின் முதல் எண்ணைப் பார்த்தாலே வண்டி எந்தக் கவுண்டி என்று தெரிந்துவிடும், கடைசி எண் நம்முடையது. உனக்கு ஆறு வயதில் பர்மிங்ஹாம் போகிற வழியெல்லாம் நமக்கு அதுதானே விளையாட்டு, ஒன்று என்றால் ஜெஃபர்சன், இருபத்தைந்து என்றால் கல்மன், அறுபத்தேழு கண்ணில் பட்டுவிட்டால் அம்மா நம்ம ஆளு நம்ம ஆளு என்று சீட்டில் குதிப்பாய், நான் ஹாரன் அடிப்பேன். இப்போது நீ ஐந்து ஆகப் போகிறாய். நெடுஞ்சாலையில் உன்னைப் பார்த்து இந்தப் பக்கத்து ஆள் ஒருத்தரும் ஹாரன் அடிக்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. உன் அப்பாவை விட்டு வந்த பிறகும் டிட்வெல் என்ற பெயரை நான் விடவில்லை, பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்கு ஒரு பெயர் பிள்ளைக்கு ஒரு பெயர் என்று இருக்க வேண்டாமே என்று. இப்போது உன் அப்பாவைக் கட்டிக்கொண்ட புண்ணியத்தில் சுசெட்டும் டிட்வெல். குடும்பப் பெயரின் முதல் எழுத்தை வைத்துத்தான் யார் எந்த மாதம் புதுப்பிப்பது என்று முறை, ஆகையால் நீயும் அவளும் ஒரே மாதம் ஒரே கவுண்டரில் ஒருவர் பின் ஒருவராக நிற்பீர்கள், உள்ளே இருக்கிற பெண் இரண்டு தாளையும் பார்த்துவிட்டு அம்மாவும் பொண்ணுமா என்பாள், சுசெட் அந்த வரிசையான பல் தெரியச் சிரிப்பாள், இல்லை என்று சொல்ல மாட்டாள். இதை நினைத்தால் என் கை மாவு டப்பாவைத் தூக்கவே மறுக்கிறது. ஷானா பெரியம்மாவிடம் சொன்னேன். அவள் எனக்குப் பரிந்து பேசுவாள் என்று பார்த்தால், ஏண்டி மிஸ்டி, நீ அவளைப் பெத்தியா இல்ல ரிஜிஸ்டர் பண்ணினியா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

பொறாமைதான், இதற்கு வேறு பெயர் வைக்க வேண்டாம். மொபைல் வளைகுடாவை உனக்கு முதலில் காட்டியது யார்? நாலாம் வகுப்பு வரைபடத்தில், மாநிலத்துக்கு அடியில் இரண்டு கால் மாதிரி தொங்குகிறதே அதற்கு நடுவில் நீலப் பென்சில் தீட்டு என்று சொன்னவள் நான், நீ கோட்டைத் தாண்டித் தீட்டி ஃபுளோரிடாவையும் சேர்த்துக் கடலாக்கினாய். பிரெஞ்சுக்காரர்கள் தலைநகர் வைத்தது அங்கே, மார்டி கிரா திருவிழா நியூ ஆர்லியன்ஸுக்கு முன்னாலேயே மொபைல் நகரத்தில் நடந்தது, இதெல்லாம் உனக்கு நான் தலை வாரிக்கொண்டே ஒப்பிக்க வைத்தது. இப்போது அவள் அதே வளைகுடாவை வாசலில் நின்று கையை நீட்டிக் காட்டுகிறாள், மார்டி கிரா ஊர்வலத்தில் தேரிலிருந்து வீசுகிற மூன் பை கேக்கைப் பிடித்து உன் கையில் கொடுக்கிறாள், நீயும் புதுச் செய்தி மாதிரி எனக்கு எழுதுகிறாய், அம்மா உனக்குத் தெரியுமா, முதல் மார்டி கிரா இங்கதானாம், சுசெட் சொன்னா என்று. என்னுடைய இத்தனை வருஷப் பாடம் ஒரு மூன் பையில் போயிற்று. சுட்ட கோழிக்குத் தடவ நான் கொடுத்தனுப்பிய வெள்ளை சாஸைப் பார்த்து, உங்க மலைக்காட்டுல கோழியை மயோனைஸ்லயா குளிப்பாட்டுவாங்க என்று அவள் கேட்டதையும் எழுதியிருந்தாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை, இறாலைக் கொண்டுபோய்ச் சோளக் கஞ்சியில் போடுகிறவர்கள் அதைச் சொல்லக் கூடாது. சிப்சி ஓடையில் காலை நனைத்தால்கூட எரிச்சலாக இருக்கிறது லேனி, அந்தத் தண்ணீரும் பிளாக் வாரியர் ஆற்றில் விழுந்து, டாம்பிக்பியில் சேர்ந்து, கடைசியில் உன் வளைகுடாவுக்குத்தான் போகிறது. இந்த மலையில் பிறக்கிற எதுவும் இங்கே நிற்பதில்லை போலிருக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னைக் குத்தியது நீ எழுதிய ஜூபிலிதான். ஆகஸ்டில் ஒரு நாள் விடியுமுன்னே வளைகுடாவின் அடித்தண்ணீரில் மூச்சு முட்டி, தட்டை மீனும் நண்டும் இறாலும் கரையோரம் வந்து சும்மா கிடக்குமாம், வலை வேண்டாம் தூண்டில் வேண்டாம், துணி துவைக்கிற தொட்டியில் அள்ளிப் போடலாமாம். எந்த நாள் வரும் என்று ஒருவருக்கும் தெரியாது, முதலில் பார்க்கிறவர் தன்னுடையவர்களைக் கூப்பிடுவார், சூரியன் ஏறினால் மீன் திரும்பிப் போய்விடும். யாரைக் கூப்பிடுறோம்ங்கிறதுலதான்மா இங்க எல்லாமே இருக்கு என்று எழுதியிருந்தாய். சுசெட்டின் ஃப்ரிட்ஜ் கதவில் அந்தப் பட்டியல் ஒட்டியிருக்கிறது, மொத்தம் ஏழு பெயர், ஆறாவது உன் பெயர், அதுவும் நீ போன வருஷம் அங்கே குடி போவதற்கு முன்னாலேயே அவள் எழுதி வைத்தது என்றாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. நீ இங்கே என் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே முன்னூறு மைலுக்கு அப்பால் ஒருத்தி உன்னை எழுப்பத் தயாராக இருந்திருக்கிறாள். கடைசியில் வேறு, அம்மா நீ நம்ம 1901 அரசியல் சட்டம் மாதிரி, ஒரு கவுண்டியில கொசு மருந்து அடிக்கணும்னாலும் மாண்ட்கமரி சட்டசபை சம்மதம் வேணும் என்று முடித்திருந்தாய். கோபத்திலும் அதற்குப் பத்துக்குப் பத்து போட்டேன், பாடம் சரியாகத்தான் ஏறியிருக்கிறது. ஆனால் கறுப்பு மக்களின் ஓட்டையும் நம்மைப் போன்ற ஏழை வெள்ளைக்காரர்களின் ஓட்டையும் பறிக்கவென்று எழுதிய சட்டம் அது, அதோடு அம்மாவைச் சேர்த்திருக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளை கோர்ட் ஹவுஸ் வாசலில் இருக்கிற உள்நாட்டுப் போர்ச் சிலைக்குக் கூட்டிப்போனேன். நீ சின்னதில் அங்கே நின்று, பாதி உடம்பு வடக்குச் சேனை பாதி உடம்பு தெற்குச் சேனை என்றால் நடக்கும்போது எந்தக் கால் முதலில் போகும் என்று கேட்டாயே, அதே சிலைதான். வழக்கமான கதையைச் சொன்னேன். 1861 ஜனவரியில் மாநிலம் அமெரிக்காவை விட்டுப் பிரிகிறது என்று மாண்ட்கமரியில் கூடி முடிவெடுத்தபோது, நம் கவுண்டி அனுப்பிய பள்ளிக்கூட வாத்தியார் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றார், பிடித்து உள்ளே வைத்தார்கள். நானும் வாத்தியார், நானும் கையெழுத்துப் போடாமல் நிற்கிறேன் என்று மனசுக்குள் எனக்கு ஒரு பெருமை வேறு. அப்போது டெசா என்று ஒரு பெண், முன்பல் இரண்டும் விழுந்தவள், அப்போ வின்ஸ்டன் நிஜமாவே தனியாப் போயிடுச்சா மிஸ் என்று கேட்டாள். இல்லடா கண்ணா என்றேன். நம்மவர்கள் சத்திரத்தில் கூடி, மாநிலம் நாட்டை விட்டுப் போகலாமென்றால் கவுண்டியும் மாநிலத்தை விட்டுப் போகலாமே என்று நியாயம் பேசியது உண்மை, ஆனால் கேட்டது என்னவோ, நாங்கள் யாரோடும் சண்டைக்கு வரவில்லை, எங்களைச் சும்மா விடுங்கள் என்பதுதான். கூட்டத்தில் எதிர்க் கட்சி ஆள் ஒருவர்தான் ஓஹோ, வின்ஸ்டன் பிரிஞ்சு போகுது, தனி நாடாம் தனி நாடு என்று கேலியாகக் கத்தினார், அந்தக் கேலியே பெயராக நின்றுவிட்டது என்றேன். அவள் யோசித்துவிட்டு, அப்போ அவங்க சொல்லாததை இவரு சொல்லிட்டாரு என்றாள்.

பிள்ளைகளை வரிசையாகக் கூட்டித் திரும்பும் வழியெல்லாம், லேனி, போன வருஷம் ஜூன் மாதம் சமையலறையில் நீ என்ன சொன்னாய் என்று யோசித்துப் பார்த்தேன். அம்மா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் கயிறு மாதிரி இருக்கேன், ஒரு வருஷம் அப்பாகிட்ட இருந்து பார்க்கிறேன், கொஞ்சம் சும்மா விடேன் என்றாய். அவ்வளவுதான். தட்டைத் தொட்டியில் போட்டு, நான் உன் அப்பனை விட்டு வந்த மாதிரி நீ என்னை விட்டுப் போகிறாயா, போ, தனி நாடு வைத்துக்கொள் என்று கத்தியது நான். பிறகு ஷானாவிடம், பள்ளிக்கூடத்தில், சர்ச்சில், கேட்டவர்களிடமெல்லாம், என் பொண்ணு என்னை விட்டுப் பிரிஞ்சு போயிட்டா என்று சொல்லி, அதை நீ சொன்னதாகவே ஆக்கிவிட்டேன். நான் நின்றது அந்த வாத்தியார் இடத்தில் இல்லை, பின்னால் நின்று கத்தினவர் இடத்தில்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன், தாள் இதோடு இருக்கிறது, ஓரத்தில் ஒட்டியிருப்பது சோள மாவு, தட்டினால் போய்விடும். கிடைத்த மறுநாளே போ, கடைசி வாரம் கூட்டம் இருக்கும். சுசெட்டோடுதான் போவேன் என்றால் போ, ஆனால் கவுண்டரில் யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லு. டயரில் காற்று பார், வலது முன் டயர் எப்போதும் இறங்கும். புயல் மாதம் இது, கடலில் ஏதாவது உருவாகிறது என்று செய்தி வந்தால் அங்கேயே நின்று வேடிக்கை பார்க்காமல் வடக்கே வண்டியைத் திருப்பு, எந்த எண் பிளேட்டாக இருந்தாலும் இந்த மலைக்கு வழி விடுவார்கள். பழைய அறுபத்தேழைக் குப்பையில் போடாதே, துணியில் சுற்றி எனக்கு அனுப்பு.

ஒன்று மட்டும் எனக்குச் செய். அந்த ஃப்ரிட்ஜ் பட்டியலில் எட்டாவதாக என் பெயரையும் எண்ணையும் எழுதி வை. சுசெட்டிடம் கேட்டுவிட்டே எழுது, மாட்டேன் என்று சொல்லமாட்டாள், அவள் கெட்டவள் என்று நான் எப்போதும் சொன்னதில்லை, சொல்ல முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். யார் பெயருக்கும் மேலே வேண்டாம், கடைசியில் போதும், எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். மீன் கரைக்கு வருகிற அன்று நீ கூப்பிட்டு நான் கிளம்பினால் பர்மிங்ஹாம் தாண்டும்போதே விடிந்துவிடும், நான் வந்து சேரும்போது அங்கே தண்ணீர்தான் இருக்கும். தெரியும். இருந்தாலும் கூப்பிடு.

கர்த்தர் உன்னைக் கைக்குள் வைத்துக் காப்பாராக. நன்றாகப் படி, நன்றாக இரு.

முத்தங்களோடு,
உன் அம்மா,
மிஸ்டி டிட்வெல்

பி.கு.: என் போனை இனிமேல் ராத்திரி அணைப்பதில்லை.